பள்ளி அரங்க வாடகை ஏறிக்கொண்டே போகிறது: பொங்கல் விழா நடத்தும் அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பொங்கல் விழாவுக்கான பள்ளி அரங்கத்தின் வாடகை மதிப்பீடு எங்கள் ஊரில் அக்டோபர் வாக்கில் மின்னஞ்சலில் வரும். அதைத் திறந்து பார்த்த செயலாளர் செயற்குழு வாட்ஸ்அப்பில் முதலில் போடுவது சில வருஷமாக ஒரே வரிதான்: "போன தடவையைவிட இவ்வளவு கூடவா?" சுமார் முந்நூறு குடும்பங்கள் உள்ள ஒரு சங்கத்தில் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்திருக்கிறேன். அந்த வரியை நானும் தட்டியிருக்கிறேன். மற்ற ஊர்ச் சங்கங்களில் இருக்கும் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

வாடகை ஏறியதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது டிக்கெட் விலையை ஏற்றுவது. அதைக் கடைசியில் வையுங்கள். டிக்கெட் ஏறினால் முதலில் வராமல் போவது படிக்க வந்த மாணவர்கள், போன மாதம்தான் ஊருக்கு வந்த குடும்பங்கள், ஒரே சம்பளத்தில் ஓடும் வீடுகள். தமிழ் பேச ஆள் கிடைக்காதா என்று தேடி வருவதும் அவர்கள்தான். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு அரங்கத்தை நிரப்பி என்ன பயன்? அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: மொத்தத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்

பள்ளி மாவட்டம், அதாவது ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு, அனுப்பும் மதிப்பீட்டில் அரங்க வாடகை ஒரு வரி மட்டும்தான். அதற்குக் கீழே உணவுக்கூடம், கஸ்டோடியன் (கட்டடத்தைத் திறந்து மூடி, சுத்தம் செய்யும் பள்ளி ஊழியர்), ஒலி-ஒளி பார்க்கும் ஆள், சமையலறையைத் திறந்தால் அதற்கொரு ஊழியர், சில இடங்களில் காவலர் என்று நீளும். பெரும்பாலான வரிகளில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். எண்ணிக்கையைப் பாருங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை ஆள்.

செலவு ஏறியதற்குப் பெரிய காரணம் ஆள் கூலி. கொரோனாவுக்குப் பிறகு பல மாவட்டங்களில் கஸ்டோடியன் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. வார இறுதியில் வந்தால் அவர்களுக்கு ஓவர்டைம் தர வேண்டும். பல ஒப்பந்தங்களில் சனிக்கிழமைக்கு ஒன்றரை மடங்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மடங்கு. விழா தொடங்குவதற்கு முன் கதவு திறக்க அரை மணி, முடிந்த பின் சுத்தம் செய்ய அரை மணி என்று அவர்கள் கணக்கில் தனியாகச் சேரும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். தொகைகள் புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் ஊர்க் கட்டணத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அரங்கம் மணிக்கு 150 டாலர், 10 மணி நேரம்: 1,500. கஸ்டோடியன் இரண்டு பேர், ஆளுக்கு மணிக்கு 60, முன்பின் சேர்த்து 11 மணி நேரம்: 1,320. ஒலி-ஒளி மணிக்கு 50, 10 மணி நேரம்: 500. உணவுக்கூடம் மணிக்கு 75, 6 மணி நேரம்: 450. இன்ஷூரன்ஸ் 200. ஆக 3,970 டாலர்.

இதே விழாவை 7 மணி நேரத்தில் முடித்து, உணவுக்கூடத்தை 4 மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தால் 1,050, 960, 350, 300, 200 என்று 2,860 டாலரில் நிற்கும். யாரிடமும் பேரம் பேசாமல் 1,110 டாலர் மிச்சம். பள்ளி நம்மிடம் வாங்குவது இடத்துக்கான காசு போலத் தெரியும். பெரும்பகுதி நேரத்துக்கான காசு. இது பிடிபட்டால் மீதி வேலை சுலபம்.

படி 2: எந்தப் பிரிவில் உங்களை வைத்திருக்கிறார்கள்?

மாவட்டங்கள் வாடகைக்கு வருபவர்களை மூன்று நான்கு பிரிவாகப் பிரிக்கும். பள்ளியின் சொந்த அமைப்புகள், உள்ளூர் இளையோர் அமைப்புகள், லாப நோக்கமற்றவை, வணிகம் என்று போகும். இரண்டு பிரிவுகளுக்கு நடுவே கட்டணம் இரு மடங்காகவும் வேறுபடலாம். ஒரு வருஷம் விண்ணப்பத்தோடு வரிவிலக்குக் கடிதத்தை இணைக்க மறந்துவிட்டோம். கம்ப்யூட்டர் எங்களை வணிகப் பிரிவில் போட்டுவிட்டது. முன்பணம் கட்டிய பிறகுதான் கவனித்தோம். அதைத் திருத்த இரண்டு மாதம் நடந்தோம்.

ஆகவே லாப நோக்கமற்ற அமைப்புக்கு வரித்துறை தரும் 501(சி)(3) வரிவிலக்குக் கடிதம் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னும் வாங்காத சிறிய சங்கம் என்றால், ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் என்று எதிர்பார்த்தால், 1023-இஸட் என்ற சுருக்கப் படிவமே பெரும்பாலும் போதும். அதற்குக் கட்டணம் 275 டாலர். வாங்கியவர்கள் ஆண்டுக் கணக்கை விடாமல் தாக்கல் செய்யுங்கள். வழக்கமான வரவு 50,000 டாலர் அல்லது அதற்குள் என்றால் 990-என் என்ற சின்ன மின்-படிவம் போதும், பத்து நிமிஷ வேலை. மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகும். நிர்வாகம் மாறும்போது பழைய பொருளாளர் புதியவர் செய்வார் என்று நினைப்பார், புதியவர் பழையவர் செய்துவிட்டார் என்று நினைப்பார். அப்படித்தான் இது நழுவிப் போகிறது.

இன்னொன்று. உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி எங்கே நடக்கிறது? பல ஊர்களில் தமிழ்ப் பள்ளி மாணவர்களுக்கு உயர்நிலைப் பள்ளியில் அயல்மொழி மதிப்பெண் கிடைக்கிறது. அமெரிக்கத் தமிழ்க் கல்விக்கழகமும் உள்ளூர்ப் பெற்றோரும் பல ஆண்டு உழைத்துக் கிடைத்த பலன் அது. அந்த உறவு ஏற்கெனவே இருக்கும் மாவட்டத்தில் விண்ணப்பிக்கும்போது "எங்கள் மேடையில் ஏறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உங்கள் மாணவர்கள்" என்று எழுதுங்கள். எந்தெந்தப் பள்ளியில் எத்தனை பேர் என்று எண்ணிக்கையும் கொடுங்கள். சில மாவட்டங்கள் பங்கேற்பவர்களில் உள்ளூர்வாசிகள் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் பிரிவை முடிவு செய்கின்றன. உண்மையைச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். நம் வீட்டு வரியிலும் ஒரு பங்கு அந்தப் பள்ளிக்குத்தான் போகிறது.

படி 3: நேரத்தைச் சுருக்குங்கள், பிள்ளைகளைச் சுருக்காதீர்கள்

பணம் அதிகம் மிஞ்சுவது இங்கேதான். சண்டை வருவதும் இங்கேதான்.

நேரம் குறைக்க வேண்டும் என்றதும் யாராவது "நிகழ்ச்சியைக் குறைப்போம், 35 இருக்கிறதை 20 ஆக்குவோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மேடையில் நான்கு நிமிஷம் நிற்கும் ஆறு வயதுப் பிள்ளைக்காக மூன்று மாதம் ஒரு வீடு முழுக்கத் தமிழ்ப் பாட்டு ஓடியிருக்கும். நேரம் வீணாவது நிகழ்ச்சிகளில் அல்ல, அவற்றின் இடைவெளிகளில். 35 நிகழ்ச்சிக்கு நடுவே தலா மூன்று நிமிஷம் போனால் ஒரு மணி 45 நிமிஷம். அதை ஒரு நிமிஷமாக்கினால் 35 நிமிஷம். ஒரு பிள்ளையையும் நீக்காமல் 70 நிமிஷம் கையில் வரும்.

அந்த ஒரு நிமிஷத்தை எப்படிக் கொண்டுவருவது? நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பாட்டுக் கோப்புகள் இரண்டு வாரம் முன்பே வந்துவிட வேண்டும். கோப்பின் பெயரிலேயே வரிசை எண் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே மடிக்கணினியில், அதன் நகல் இன்னொன்றில். விழா அன்று பென் டிரைவ் வாங்குவதில்லை. மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் அடுத்த குழு, அதற்கடுத்த குழு வெளியே நடையில். இரண்டு குழுவுக்கும் தலா ஒரு அக்கா பொறுப்பு. கையில் அட்டை, கழுத்தில் விசில் கிடையாது, குரல்தான். தொகுப்பாளர் திரைக்கு முன்னால் நின்று பேசும்போதே பின்னால் அடுத்த குழு நின்றுவிட வேண்டும். தரையில் நீல டேப்பில் சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள் ஒட்டியிருப்போம். "நீலத்துல நில்லு கண்ணா" என்றால் நான்கு வயதுக் குழந்தைக்கும் புரியும். அந்த டேப்பும் ஓவியர்கள் சுவரில் ஒட்டும் நீலக் காகித டேப்பாக இருக்கட்டும். மற்ற டேப் மரத்தரையில் பசையை விட்டுவிடும், அதற்கும் பில் வரும்.

அப்புறம் பொன்னாடை. விருந்தினர், ஸ்பான்சர், முன்னாள் தலைவர்கள் என்று மேடைக்கு அழைத்து, போர்த்தி, படமெடுத்து, ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை பேசினால் முக்கால் மணி நேரம் போகும். நாங்கள் மேடையில் ஒரு சிறப்புரை, 12 நிமிஷம் என்று வைத்தோம். மற்றவர்களுக்கு மரியாதை மதிய உணவுக் கூடத்தில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நடக்கும். முதல் வருஷம் சிலருக்கு மனக்குறை இருந்தது. நேரில் போய் பில்லைக் காட்டிப் பேசினோம், புரிந்துகொண்டார்கள். இப்போது அவர்களே நேரம் பார்க்கிறார்கள்.

ஒத்திகைக்கு அரங்கம் வேண்டாம். மேடையின் அகல நீளத்தை அளந்து எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள், வீட்டு அடித்தளத்திலோ கார் நிறுத்துமிடத்திலோ கோடு போட்டுப் பழகட்டும்.

இலைச் சாப்பாட்டை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொட்டலமாகக் கொடுத்தால் உணவுக்கூட வாடகையே மிச்சம் என்று ஒவ்வொரு வருஷமும் ஒருவர் சொல்வார். கணக்கு சரிதான். ஆனால் புதிதாக வந்தவருக்கு இந்த ஊரில் முதல் நண்பர் கிடைப்பது பக்கத்து இலையில். சாப்பாட்டை முதலில் வையுங்கள், இரண்டு பந்தி, மதியம் இரண்டரைக்குள் கூடத்தைத் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். சாப்பாடு வெளியிலிருந்து சூடாக வந்தால் சமையலறையைத் திறக்கவே வேண்டாம், அந்த ஊழியர் வரியும் போய்விடும்.

படி 4: சுத்தம்

சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு பொங்கலன்று இரவு பத்தடிக்கப் பத்து நிமிஷம். கஸ்டோடியன் கதவருகில் சாவிக்கொத்தோடு நிற்கிறார். நாங்கள் கிளம்பிவிட்டோம் என்றே நினைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் டார்ச் விளக்கை நடைபாதைக் கம்பளத்தில் அடித்தார். கேசரி. குழந்தைகள் கையில் கொண்டுவந்து சிந்தி, ஐந்நூறு பேர் மிதித்து, ஆரஞ்சு நிறத்தில் வரிசை வரிசையாக அப்பியிருந்தது. வாசலில் அரிசி மாவுக் கோலம் செருப்புகளோடு நடைவழி முழுக்க வந்திருந்தது. அந்த மாதப் பில்லில் கூடுதல் சுத்தத்துக்கு நாலு மணி நேரம் இருந்தது. நியாயமான பில்தான்.

இப்போது கோலத்தைக் கறுப்பு ஒட்டுப்பலகையில் போட்டு வைக்கிறோம். விழா முடிந்ததும் அப்படியே தூக்கிக் காரில் வைத்துவிடலாம். அரங்கத்துக்குள் தண்ணீர் தவிர வேறெதுவும் போகாது, கதவுக்கு இருவர். கடைசி ஒரு மணி நேரத்துக்கென்றே 12 பேர் பட்டியல், அவர்கள் பகலில் வேறு வேலை பார்க்க மாட்டார்கள். குப்பைப் பைகளை நாமே கொண்டுபோகிறோம். கஸ்டோடியன்களுக்கு வீட்டுக்கு எடுத்துப்போகச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறோம். அவர்களை முதலிலேயே பெயர் கேட்டுப் பழகுங்கள். நம் விழாவுக்காகத் தங்கள் சனிக்கிழமையை விட்டு வந்திருக்கிறார்கள்.

படி 5: வேறு இடம் பார்ப்பது

இதற்குப் பிறகும் கட்டுபடியாகவில்லை என்றால் இடம் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வகையில் ஒரு விலை இருக்கும்.

கோயில் கூடம் பல ஊர்களில் மலிவு, நம்மவர் நிர்வாகம், பேசுவது சுலபம். ஆனால் தமிழ்ச் சங்கத்தில் கிறித்தவர், இசுலாமியர், கோயிலுக்குப் போகாதவர் எல்லோரும் இருக்கிறார்கள். பொங்கல் எல்லோருக்குமான விழா என்று சொல்லிவிட்டு ஒரு மதத்தின் இடத்துக்கு நிரந்தரமாகப் போனால் சிலர் சொல்லாமலே விலகிப் போவார்கள். தேவாலயக் கூடத்துக்கும் இதே சிக்கல்தான். ஒரு வருஷ நெருக்கடிக்குப் போகலாம். நிரந்தரமாக வேண்டாம் என்பது என் எண்ணம்.

நடுநிலைப் பள்ளிகளில் உணவுக்கூடத்திலேயே மேடை இருக்கும். ஒலி சுமார்தான், நாற்காலி நாமே போட வேண்டும், ஆனால் இரண்டு வாடகை ஒன்றாகிவிடும். நானூறு பேருக்குள் என்றால் நல்ல வழி. சமுதாயக் கல்லூரி அரங்கங்களில் ஒலி-ஒளி அருமையாக இருக்கும், ஆனால் அவர்களின் டெக்னீஷியன்களைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பொது நூலகக் கூடம் இலவசமாகவே கிடைக்கலாம்; பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் வசூலிக்க விடமாட்டார்கள், ஆகவே கவியரங்கம், பட்டிமன்றம் மாதிரிச் சிறிய நிகழ்ச்சிகளை அங்கே நகர்த்துங்கள். கோடை விழாவைப் பூங்காக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடலாம். பொங்கலை அப்படிச் செய்ய முடியாது. ஜனவரிப் பனியில் பானை வைப்பதற்கே பத்து நிமிஷம்தான் வெளியே நிற்க முடிகிறது. அந்தப் பானைக்கும் கேஸ் அடுப்புக்கும் தீயணைப்புத் துறை அனுமதி வேண்டுமா என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பக்கத்து ஊர்ச் சங்கம், தெலுங்கு அல்லது கன்னடச் சங்கம் இதே அரங்கத்தை எடுக்கிறதா என்றும் விசாரியுங்கள். அடுத்தடுத்த நாள் எடுத்தால் ஒலிப்பெருக்கி வாடகையையும் மேடை அலங்காரத் துணியையும் பகிரலாம்.

படி 6: பணம் எங்கிருந்து வரும்

சரி, எல்லாம் குறைத்தாயிற்று, இன்னும் துண்டு விழுகிறது. இப்போது வரவைப் பார்ப்போம்.

அதிகம் பேர் கவனிக்காத வரவு, வேலை செய்யும் நிறுவனங்களின் இணைநிதி. ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாக நிறுவனமும் கொடுக்கும். பல இடங்களில் தன்னார்வ நேரத்துக்கும் பணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் மணிக்கு 25 டாலர் தருகிறது. நம் விழாவில் உழைப்பவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட நிறுவனங்களில் இருப்பார்கள், நேரத்தைப் பதிவு செய்வதில்லை, அவ்வளவுதான். நிறுவனங்கள் பயன்படுத்தும் பெனிவிட்டி போன்ற தளங்களில் சங்கத்தின் பெயர் சரியாக வருகிறதா என்று பாருங்கள். விழா முடிந்த வாரமே ஒவ்வொருவருக்கும் "நீங்கள் இத்தனை மணி நேரம் உழைத்தீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒத்திகை, கோலம், காய் நறுக்கியது எல்லாம் சேர்த்து. உண்மையான நேரத்தை மட்டும்.

மாநிலக் கலை மன்றங்கள், கவுண்டிக் கலை அமைப்புகள் தரும் சிறு நிதிகளுக்கு விண்ணப்பிக்கலாம். டெக்சாசில் பல நகரங்கள் ஹோட்டல் அறை வரியில் ஒரு பங்கைக் கலை நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்குகின்றன. பறை, தெருக்கூத்து, சிலம்பம் என்று எழுதும்போது அவை என்ன என்பதை அந்த ஊர்க்காரருக்குப் புரியும்படி ஒரு பத்தி எழுதுங்கள். பல நிதிகள் செலவழித்த பிறகு ரசீது காட்டித்தான் வரும், ஆகவே வாடகைக்கு முதலில் கையில் காசு வேண்டும்.

ஸ்பான்சர்களிடம் பொதுவாக "ஆயிரம் டாலர் தாருங்கள்" என்பதைவிட "உணவுக்கூடத்தின் நாலு மணி நேரம் உங்களுடையது" என்று கேட்டால் எளிதாகக் கிடைக்கிறது. எதற்குக் கொடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிகிறது. 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களுக்கு ரசீதுக் கடிதம் கட்டாயம். நன்கொடையோடு சாப்பாடும் டிக்கெட்டும் சேர்த்துக் கொடுத்தால் அவற்றின் மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் வரிச்சலுகை; 75 டாலருக்கு மேல் இப்படி வாங்கினால் அந்த மதிப்பை எழுத்தில் சொல்ல வேண்டும்.

கடைசியாக டிக்கெட். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் குடும்ப உறுப்பினர் கட்டணத்தை ஏற்றுங்கள், வாசல் டிக்கெட்டை ஏற்றுங்கள். மாணவர் விலையைத் தொடாதீர்கள். ஊருக்கு வந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு முதல் விழா இலவசம் என்று வைத்திருக்கிறோம், யாரும் கேட்காமலே. மேடை ஏறும் குழந்தைகளுக்குப் பங்கேற்புக் கட்டணம் என்ற பேச்சு வந்தால் முழு மூச்சாக எதிர்த்து நில்லுங்கள்.

படி 7: பொதுக்குழுவில் பில்லையே காட்டுங்கள்

உறுப்பினர்களுக்குக் கோபம் விலையால் வருவதில்லை, தெரியாததால் வருகிறது. நவம்பர் கூட்டத்தில் மூன்று ஆண்டு அரங்கப் பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் திரையில் காட்டினோம். ஒரு மணி நேரம் தாமதமானால் எவ்வளவு என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அன்றைக்கு வரை அலங்காரத்துக்கு அதிக நேரம் கேட்டு வாதாடிய நடன ஆசிரியை எழுந்து, "அண்ணா, நாங்க வீட்டிலேயே மேக்கப் போட்டு வந்துடறோம்" என்றார். அந்த ஆண்டு அரங்கத்தை ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் திறந்தால் போதுமானதாக இருந்தது.

படி 8: ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

பனிக்கு விழா நின்றால் யார் பொறுப்பு? ஜனவரியில் இதுதான் பெரிய கேள்வி. மாவட்டமே கட்டடத்தை மூடினால் பணம் திரும்புமா, மாற்று நாள் தருவார்களா என்று பாருங்கள். மாற்று நாளை முன்பே கேட்டு வையுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பள்ளி நாடக ஒத்திகை மேடையைப் பிடித்துக்கொள்ளும்.

இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஒரு நிகழ்வுக்கு 10 லட்சம் டாலர் அளவுக்குக் கேட்பார்கள், மாவட்டத்தின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று விழாவுக்கு மேல் நடத்துகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடுப்பதா, ஆண்டுப் பாலிசியா என்று இரண்டுக்கும் விலை கேளுங்கள். எங்களுக்கு ஆண்டுப் பாலிசி லாபமாக இருந்தது.

மாநாட்டு மையத்தில் விழா எடுக்கும் அளவுக்குச் சங்கம் வளர்ந்தால் கணக்கே வேறு. 1987-இல் தொடங்கிய வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழா ஜூலை 4 விடுமுறையையொட்டி ஊர் மாறி மாறி நடக்கிறது. 2019-இல் சிகாகோ பக்கம் ஷாம்பர்க் மாநாட்டு மையத்தில், சிகாகோ தமிழ்ச் சங்கத்தின் பொன்விழாவோடும் பத்தாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டோடும் சேர்த்து நடந்தது. இத்தனை பெரிய விழாவும் தன்னார்வலர் உழைப்பில்தான் நிற்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஹோட்டல் அறைகளை மொத்தமாகப் பிடித்தால் வாடகை குறையும், ஆனால் சொன்ன அளவு அறை நிரம்பாவிட்டால் வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டும். உணவுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கும், அதற்கு மேல் சேவைக் கட்டணம், வரி. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். நம் விழாவில் சாப்பாடுதான் பாதிச் செலவு.

விழா முடிந்த வாரம்

இறுதிப் பில் வந்ததும் உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். கதவு திறந்த நேரம், கடைசி ஆள் வெளியே வந்த நேரம் இரண்டையும் கஸ்டோடியன் முன்னிலையில் எழுதி, கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. வைப்புத்தொகை எப்போது திரும்பும் என்று கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள். எங்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கூடப் போட்டு வந்தது. படத்தை அனுப்பினோம், மறுநாளே திருத்தினார்கள்.

அதே வாரத்தில் அடுத்த ஆண்டுக்கான தேதியைக் கேட்டு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். இரண்டு தேதி, இரண்டும் சனிக்கிழமை. நீல டேப், ஒட்டுப்பலகை, மேடை அளவு, கஸ்டோடியன்களின் பெயர், மூன்று ஆண்டுப் பில் எல்லாவற்றின் விவரத்தையும் ஒரே கோப்பில் வைத்து, அதை அடுத்த செயலாளரிடம் கையில் கொடுங்கள்.